கலைச்சொல் உதவி: 'எத்னிக் ஸ்லர்', வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

கிள்ளானிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்காக மலாய்–தமிழ்ச் சொற்பட்டியல் ஒன்றைத் தொகுத்து வருகிறோம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சொல்லுக்குப் பக்கத்தில் 'பேச்சு வழக்கு', 'பழவழக்கு' என்று குறிப்புப் போடுகிறோம். ஓர் இனத்தாரைக் குத்திக்காட்டும் சொல்லுக்கு ஆங்கில அகராதிகள் 'எத்னிக் ஸ்லர்' என்று குறிக்கின்றன. அதற்கு ஒரே சொல்லில் அடங்கும் தமிழ்ப் பெயர் வேண்டும்.

சிக்கிய இடம் 'கெலிங்', இங்கே மலேசியாவில் தமிழரைக் குத்திக்காட்ட எறியும் சொல். போன வாரம் படிவம் நான்கு மாணவன் ஒருவன் கேட்டான்: "டீச்சர், கைதிகளா வந்த நம்ம ஆளுங்க காலுல சங்கிலி கிலிங் கிலிங்னு கேட்டதாலதான் அந்தப் பேராமே, உண்மையா?" இல்லை என்றேன். "அப்போ அது கெட்ட வார்த்தை இல்லையா?" என்றான். அதற்கு எனக்கு உடனே பதில் வரவில்லை.

மதுரையிலிருந்து:

அம்மா, நீங்கள் சொன்னது சரி. பினாங்கில் ஆங்கிலேயர் கால் வைத்ததே 1786இல். அவர்கள் கொண்டுவந்த இந்தியக் கைதிகள் அதற்குப் பிறகு வந்தவர்கள். ஆனால் 1512–1515இல் எழுதிய போர்த்துகீசியர் தோமே பீரெஸ் மலாக்காவின் தமிழ் வணிகர்களை இந்தப் பெயரால்தான் குறிக்கிறார். பழைய மலாய் நூல்களிலும் 'பெனுவா கெலிங்' என்று நம் நாட்டைக் குறிப்பார்கள். சங்கிலிக் கதை அங்கேயே அறுந்துபோகிறது.

கலிங்க நாட்டிலிருந்து வந்த பெயர் என்பதே பலர் கருத்து. நான் இன்னும் ஒரு படி போவேன். சிறுபாணாற்றுப்படையில் 'நீல நாகம் நல்கிய கலிங்கம்' என்று வருகிறதே, அங்கே கலிங்கம் ஆடை. சோழமண்டலக் கரையிலிருந்து மலாக்காவுக்குப் போன பெருஞ்சரக்கும் துணிதான். துணி கொண்டுவந்தவரைத் துணியின் பெயரால் அழைத்திருக்கலாம் அல்லவா? நாட்டின் பெயர் துணிக்கு ஆனதா, துணியின் பெயர் நாட்டுக்கு ஆனதா என்பதையே நாம் திரும்பப் பார்க்க வேண்டும். பிறப்பில் பெருமை உள்ள சொல்லுக்கு இழிவு முத்திரை குத்தாதீர்கள். பொதுக் கலைச்சொல்லுக்கு 'இழிபெயர்' பொருந்தும்.

கிள்ளானிலிருந்து:

ஐயா, கலிங்கம் பற்றி நீங்கள் எழுதியதை வகுப்பில் கட்டாயம் சொல்வேன். ஆனால் திடலில் அந்தச் சொல்லை எறிகிறவன் துணியை நினைத்து எறிவதில்லை. வாங்கிக்கொள்ளும் பிள்ளைக்கும் சிறுபாணாற்றுப்படை காதில் விழாது.

டொராண்டோவிலிருந்து:

'இழிபெயர்' எனக்கு ஒப்பவில்லை. 'இழி' என்ற அடி மனிதர்மேல் ஏறிய வரலாறு நம் இலக்கியத்திலேயே இருக்கிறது. புறநானூறு 82இல் கட்டில் பின்னுகிறவனை 'இழிசினன்' என்றார்கள். வசையைக் குறிக்கும் குறிப்பிலேயே ஒரு வசையின் வேர் கிடக்க வேண்டுமா? 'இழிபெயர்' என்றால் பெயரைத் தாங்குகிறவன் இழிந்தவன் என்றும் படிக்கலாம்.

'இனவசை' போதும். பத்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கும்.

மதுரையிலிருந்து:

புறம் 82ஐ நான் நினைக்கவில்லை. 'இழிபெயரை'த் திரும்பப் பெறுகிறேன். ஆனால் 'வசை'யும் சரியில்லை. 'வசையென்ப வையத்தார்க் கெல்லாம்' என்ற குறளில் வசை என்பது இசைக்கு, அதாவது புகழுக்கு எதிர். நிகழ்காலத்தில் ஒருவன் ஏசுவது 'வசவு'. காளமேகம் வசை பாடினார் என்னும்போது அது முழுப்பாட்டு. நாம் தேடுவது ஒரு பெயருக்கான பெயர். 'வசை' செயலைச் சொல்கிறது, பெயரைச் சொல்லவில்லை.

சென்னையிலிருந்து:

மூன்று ஆண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். 1860இல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளராக முதல் கப்பலில் வந்து இறங்கியவர்களின் வழிவந்தோர் முன்னால் 'கூலி' என்று சொல்லிப் பாருங்கள். நான் தெரியாமல் சொன்னேன். 'இன்றைக்குக் கூலி வந்துவிட்டதா' என்றுதான் கேட்டேன். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் முகம் மாறியது. தென்னாப்பிரிக்காவில் தம்மைக் 'கூலி பாரிஸ்டர்' என்றே அழைத்ததாகக் காந்தி எழுதுகிறார். நம் ஊரிலோ 'மெய்வருத்தக் கூலி தரும்' என்று பள்ளியில் மனப்பாடம் செய்கிறோம்.

இந்தச் சொல்லின் பிறப்பும் இன்னும் தீராத வழக்குத்தான். குஜராத்தின் கோலி மக்கள் பெயரிலிருந்து வந்தது என்று ஒரு சாரார், தமிழ்க் கூலிதான் என்று இன்னொரு சாரார். பிறப்பைத் தீர்த்த பிறகுதான் குறிப்புப் போடுவோம் என்றால், அந்தத் தீர்ப்பு வரும்வரை டர்பன் பாட்டிக்கு வலிக்கக்கூடாதா?

என் பரிந்துரை 'சுடுபெயர்'. சுடுசொல் ஏற்கெனவே எல்லார் வாயிலும் இருக்கிறது. இன்னொரு காரணமும் உண்டு. இது வினைத்தொகை. சுட்ட பெயர், சுடுகின்ற பெயர், சுடும் பெயர் என்று மூன்று காலத்துக்கும் விரியும். நேற்று சுடாத சொல் இன்று சுடுகிறது, ஓரிடத்தில் சுட்டது இன்னோரிடத்தில் ஆறிக் கிடக்கிறது. காலம் கரந்த தொகையைவிட இதற்குப் பொருத்தமாக எது கிடைக்கும்?

டொராண்டோவிலிருந்து:

அழகான சொல். மதுரை ஐயா, 'ஈயென் கிளவி இழிந்தோன் கூற்றே' நூற்பாவையும் இங்கே நினைக்க வேண்டும். ஈ, தா, கொடு மூன்றுக்கும் கேட்பதுதான் பொருள். தொல்காப்பியர் வேரைப் பார்க்காமல் யார் யாரிடம் சொல்கிறார் என்று பார்த்துப் பிரித்தார். உயர்ந்தோன், இழிந்தோன் என்ற அவர் காலப் பிரிவை விட்டுவிடுவோம். பார்த்த முறையை எடுத்துக்கொள்ளலாம்.

ஈப்போவிலிருந்து:

நானும் ஆசிரியன்தான். 'சுடுபெயர்' வகுப்பில் நிற்காது. பிள்ளைகள் 'சுட்டுப்பெயர்' என்றுதான் படிப்பார்கள். சுருக்கக் குறி 'சு.பெ.' என்று போட்டால் அவன், இவன் எல்லாம் வசையாகிவிடும். தேர்வுத் தாளில் திருத்தப்போவது நாங்கள். 'இனவசை'க்கு என் வாக்கு.

சென்னையிலிருந்து:

சுருக்கம் பற்றிய தடை நியாயம். ஆனால் 'இனம்' என்ற அடையை மறுக்கிறேன். சாதிப் பெயரை வசையாக எறிவது இதில் அடங்குமா? 'துடியன் பாணன் பறையன் கடம்பன்' என்று புறநானூறு 335 நிமிர்ந்து சொன்ன குடிப்பெயர்களில் 'பறையன்', ஆங்கிலத்துக்குப் போய் 'ஒதுக்கப்பட்டவன்' என்ற பொதுச்சொல் ஆனது. அதற்கு என்ன குறிப்புப் போடுவீர்கள்? 'இனவசை' என்றால் இந்த வலி வெளியே நிற்கிறது. 'சுடுபெயர்' இரண்டையும் தாங்கும்.

கிள்ளானிலிருந்து:

வியாழன் இரவு பதினொன்று. எங்கள் குழுவில் ஐந்து பேரில் நால்வர் 'இனவசை' என்கிறார்கள். அதையே போடுகிறோம். சென்னைத் தம்பி சொன்ன குறை அப்படியே இருக்கிறது, அதற்கு என்னிடம் பதில் இல்லை. பதிவு இப்படி வரும்:

கெலிங்: பழைய மலாய் நூல்களில் தென்னிந்தியர். இன்று ஒருவரை நோக்கிச் சொன்னால் இனவசை. பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் (1801) போன்ற பெயர்களில் வசையன்று. சங்கிலி ஒலியால் வந்தது என்பது பிற்காலக் கதை.

மதுரையிலிருந்து:

பதிவு நன்றாக வந்திருக்கிறது. 'வசை' பற்றிய என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். கலிங்கம் பற்றித் தனி இழையில் எழுதுகிறேன்.

சென்னையிலிருந்து:

அம்மா, மலாயிலும் 'கூலி' உண்டே, உங்கள் பட்டியலில் இருக்கிறதா? அதற்கு என்ன குறிப்பு?

கிள்ளானிலிருந்து:

இருக்கிறது. இதுவரை குறிப்பு எதுவும் போடவில்லை. அச்சகம் காலை ஒன்பதுக்குத்தான் திறக்கும். இங்கே யாராவது விழித்திருந்தால் எழுதுங்கள்.