பிக்சல் 8ஏ-வில் கிராஃபீன் ஓஎஸ்: முதல் பார்வையும் நான்கு சந்தேகங்களும்

வைகைக்கரை:
வணக்கம். பிக்சல் 8ஏ போனில் கிராஃபீன் ஓஎஸ் (ஆண்ட்ராய்டை அடிப்படையாகக் கொண்டு, பாதுகாப்பையும் தனியுரிமையையும் முன்னிறுத்தும் இயங்குதளம்) போட்டாயிற்று. வெப் இன்ஸ்டாலர் வழியாகத்தான், அதாவது போனைக் கம்ப்யூட்டரில் செருகிப் பிரவுசரிலிருந்தே. முடிந்ததும் பூட்லோடரை (போன் ஆன் ஆகும்போது ஓஎஸ்-ஸை ஏற்றும் நிரல்) திரும்பப் பூட்டியும் விட்டேன். முகப்பு கன்னங்கரேலென்று இருக்கிறது, விரல்விட்டு எண்ணுகிற அளவுக்கே ஆப்கள், பிளே ஸ்டோர் கிடையாது. ஸ்க்ரோலிங், ஆப் திறக்கும் வேகம் எல்லாம் பழையபடியே நன்றாக இருக்கிறது. இனி சந்தேகங்கள்.

ஆன் செய்யும்போதெல்லாம் "வேறொரு இயங்குதளம் ஏறுகிறது" என்று மஞ்சள் எச்சரிக்கை வருகிறது. பூட்டியது சரியாக விழவில்லையா? தமிழ்த் தட்டச்சுக்கு எந்தக் கீபோர்டு நல்லது? கூகுள் சம்பந்தப்பட்டதை எல்லாம் தனி யூசரில் வைத்திருக்கிறேன். அங்கே யுபிஐ ஆப் சிம் சரிபார்ப்பிலேயே நின்றுவிடுகிறது. கடைசியாக, வீட்டுக்குள் இருக்கும்போது மேப்பில் நீலப்புள்ளி வருவதே இல்லை.

திருகாணி:
மஞ்சள் வந்தால் சரியாகப் பூட்டியிருக்கிறது என்று அர்த்தம். ஆரஞ்சு வந்தால்தான் பூட்லோடர் திறந்து கிடக்கிறது. மஞ்சள் திரையில் ஐடி என்று எழுத்தும் எண்ணும் கலந்து ஒரு நீள வரிசை இருக்கும். கிராஃபீன் தளத்தில் 8ஏ-வுக்கு நேராகக் கொடுத்திருக்கும் வரிசையோடு அதை முழுக்க ஒத்துப் பாருங்கள். முதல் நாலு எழுத்தைப் பார்த்துவிட்டு நிறுத்த வேண்டாம். பிறகு டெவலப்பர் ஆப்ஷன்ஸில் ஓஇஎம் அன்லாக்கிங்கை (பூட்லோடரைத் திறக்க அனுமதிக்கும் ஸ்விட்ச்) ஆஃப் செய்யுங்கள். பலரும் இதை மறந்துவிடுகிறார்கள்.

இனி போடப் போகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். முதலில் பழைய ஓஎஸ்-ஸை முழுசாக அப்டேட் செய்துகொள்ளுங்கள். கம்ப்யூட்டரில் 32 ஜிபி இடமும் 2 ஜிபி ரேமும் காலியாக இருக்க வேண்டும். குரோம், எட்ஜ் போன்ற பிரவுசர் போதும், இன்காக்னிட்டோ கூடாது. விண்டோஸில் போன் கண்ணிலேயே படவில்லை என்றால், ஃபாஸ்ட்பூட் நிலையில் (ஓஎஸ் ஏறுவதற்கு முன் கம்ப்யூட்டரின் கட்டளைகளை ஏற்கும் நிலை) போனைச் செருகி வைத்து, விண்டோஸ் அப்டேட்டின் ஆப்ஷனல் அப்டேட்ஸில் டிரைவர் வந்திருக்கிறதா பாருங்கள். பூட்லோடரைத் திறக்கும்போது ஒரு தடவை, பூட்டும்போது இன்னொரு தடவை என இரண்டு முறையும் டேட்டா மொத்தமும் அழியும். கூகுள் கணக்கில் எடுத்த போன் பேக்கப் இங்கே ரீஸ்டோர் ஆகாது, போட்டோக்களைத் தனியாக நகலெடுத்து வையுங்கள். ஃபிளாஷ் (புது ஓஎஸ்-ஸைப் போனில் எழுதுவது) பாதியில் நின்றிருந்தால் எக்காரணம் கொண்டும் லாக் பட்டனைத் தொடாதீர்கள், மறுபடி முதலிலிருந்து ஃபிளாஷ் செய்யுங்கள்.

நாணல்:
யுபிஐ நிற்பதற்குக் காரணம் நீங்களே சொன்ன தனி யூசர்தான். பதிவு செய்யும்போது ஆப் உங்கள் சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்புகிறது. இரண்டாம் யூசருக்கு அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் தொடக்கத்தில் மூடியே இருக்கும். ஓனரில் (போனின் முதன்மை யூசர்) செட்டிங்ஸ், சிஸ்டம், யூசர்ஸ் போய் அந்த யூசரின் பெயரைத் தொட்டு அதைத் திறந்துவிடுங்கள். வைஃபை, விபிஎன் இரண்டையும் அணைத்துவிட்டு முயலுங்கள். இரண்டு சிம் என்றால் வங்கியில் பதிந்த சிம்மைத் தேர்ந்தெடுங்கள். அந்தச் சிம்மின் ரீசார்ஜில் எஸ்எம்எஸ் இருக்கிறதா என்றும் பாருங்கள். டேட்டா மட்டும் உள்ள பேக் என்றால் மெசேஜ் போகாது.

தனி யூசரில் இன்னொரு சங்கடமும் உண்டு. 18 மணி நேரம் திறக்காமல் கிடந்தால் போன் தானாக ரீபூட் ஆகும். அதன் பிறகு அந்த யூசருக்குள் ஒரு தடவை நுழைந்து பின் நம்பரைப் போடும்வரை அங்குள்ள ஆப் எதுவும் ஓடாது, நோட்டிஃபிகேஷனும் வராது. தினமும் வேண்டிய ஆப்களை ஓனரிலேயே வைப்பது நல்லது. பிளே சர்வீசஸ் (பல ஆப்கள் நம்பியிருக்கும், பின்னணியில் ஓடும் கூகுள் சேவை) அங்கேயும் சாதாரண ஆப் போல அடைப்புக்குள்தான் ஓடுகிறது, பயப்பட வேண்டாம். அதன் பேட்டரி அனுமதியை மட்டும் அன்ரெஸ்ட்ரிக்டட் ஆக்கிவிடுங்கள், இல்லையென்றால் மெசேஜ்கள் தாமதமாகும்.

மின்மினி:
கூடவே வரும் கீபோர்டில் தமிழ் உண்டு, ஆனால் "amma" என்று அடித்தால் "அம்மா" வராது. அஞ்சல், தமிழ்99 தட்டச்சு முறைகள் பழகியவர்களுக்குச் செல்லினம் ஆப் போதும். எஃப்-டிராய்டில் (திறமூல ஆப்களின் களஞ்சியம்) இண்டிக் கீபோர்டும் கிடைக்கிறது. எதைப் போட்டாலும் நிறுவும்போது வரும் பெட்டியில் நெட்வொர்க் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். ஆப்புக்கு நெட் இல்லாதது போலவே தோன்றும், அடிப்பது எதுவும் வெளியே போகாது. கிராஃபீனில் எனக்கு மிகப் பிடித்தது இந்த ஒரு டிக்தான். ஜிபோர்டு என்றால் மட்டும் தமிழ் மொழிக்கோப்பு இறங்கும்வரை நெட்வொர்க்கை விட்டுவைத்து, அப்புறம் எடுங்கள்.

நீலப்புள்ளி: மேப் ஆப் கேட்கும் இடவிவரத்தை ஓஎஸ்தான் கொடுக்கிறது, அதுவும் தொடக்கத்தில் செயற்கைக்கோளை மட்டும் நம்பி. கூரைக்குக் கீழே சிக்னல் கிடைக்காது. லொகேஷன் செட்டிங்ஸில் நெட்வொர்க் லொகேஷன் என்பதை ஆன் செய்யுங்கள், வைஃபை ஸ்கேனிங்கும் ஆனில் இருக்கட்டும்.

வைகைக்கரை:
எஸ்எம்எஸ் போய்விட்டது, யுபிஐ வேலை செய்கிறது. நீலப்புள்ளியும் வந்துவிட்டது. மிக்க நன்றி. ஆனால் ஒரு வங்கி ஆப் திறந்தவுடனே மூடிக்கொள்கிறது.

நாணல்:
மூடிக்கொண்டால் அந்த ஆப்பின் இன்ஃபோவில் எக்ஸ்ப்ளாயிட் ப்ரொடெக்ஷன் கம்பாட்டிபிலிட்டி மோடை (அந்த ஆப்புக்கு மட்டும் கூடுதல் பாதுகாப்புகளைத் தளர்த்தும் ஸ்விட்ச்) ஆன் செய்து பாருங்கள். 8ஏ-வில் மெமரி டேகிங் (நினைவகத்தைத் தவறாகத் தொடுவதைக் கண்டுபிடிக்கும்) வசதி இருப்பதால், மற்ற போன்களில் வெளியே தெரியாத நினைவகப் பிழைகள் இங்கே ஆப்பையே நிறுத்திவிடக்கூடும். ஏபிகே-வாக (தனியாக இறக்கி நிறுவும் ஆப் கோப்பு) இறக்கியிருந்தால் நீக்கிவிட்டுப் பிளே ஸ்டோரிலிருந்து போடுங்கள், சில ஆப்கள் அதையும் சோதிக்கும். மூடாமல் "இந்தச் சாதனம் பாதுகாப்பற்றது" என்று சொன்னால் கதை வேறு. அது பிளே இன்டெக்ரிட்டி, போனும் ஓஎஸ்-ஸும் நம்பத்தக்கவையா என்று ஆப்கள் கேட்டறியும் கூகுளின் சோதனை. கிராஃபீன் அடிப்படை நிலையில் தேறும், அடுத்த நிலையில் தேறாது. வங்கி மனது வைத்தால்தான் உண்டு, செட்டிங்ஸில் வழியில்லை. கூகுள் வாலட்டில் போனைத் தட்டிப் பணம் செலுத்துவதும் இதனாலேயே நடக்காது.

திருகாணி:
அந்த ஆப் இல்லாமல் முடியாது என்றாகிப் பழையதுக்கே திரும்பினால் ஒன்றைக் கவனியுங்கள். கூகுளின் ஓஎஸ்-ஸைப் போட்டபின், பூட்டுவதற்கு முன்னால், வெப் இன்ஸ்டாலர் பக்கத்தில் இருக்கும் ரிமூவ் நான்-ஸ்டாக் கீ பட்டனை அழுத்திக் கிராஃபீனின் சாவியை (ஓஎஸ் அசல்தானா என்று பூட்லோடர் சரிபார்க்கப் போனில் பதிந்திருப்பது) நீக்க வேண்டும். அதற்கப்புறம் பூட்டுங்கள்.