செமி ஆட்டோவில் தூரச் சுடுதல் பழகியபோது மறக்க முடியாமல் போன ஒரு ஷாட் – உங்கள் அனுபவம்?

தாமதவரவு:

ஆறு வாரமாச்சு, அந்த ‘டிக்’ சத்தம் இன்னும் காதுல இருக்கு. அதான் எழுதுறேன்.

600 மீட்டர். .308 ரகத் தோட்டா போடுற செமி ஆட்டோ (சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏத்திக்கிற துப்பாக்கி), 175 கிரெயின் எடைக் குண்டு, முன்னாடி பைபாட்ங்கிற ரெண்டு கால் தாங்கி, பின்னாடி மணல் பை. 100 மீட்டர்ல ஜீரோ, அதாவது குறி வச்ச இடத்துலயே குண்டு விழற மாதிரி ஸ்கோப்பைச் சரிபண்ணியிருந்தேன். 600க்கு ஸ்கோப்புல 5 மில் கிட்ட (ஒரு மில்னா தூரத்துல ஆயிரத்துல ஒரு பங்கு) டயல் பண்ணி ஏத்தியிருந்தேன். பாதிக்கு மேல நடுவுல போச்சு. ஆனா பத்துக்கு நாலு குண்டு கீழ வலப்பக்கம் போய் உட்கார்ந்துச்சு. முதல்ல காத்துன்னு நினைச்சேன். அப்புறம் ஸ்கோப் மவுண்ட்னு நினைச்சு எல்லாத் திருகையும் கழட்டி மறுபடி அளவா முறுக்கினேன். தோட்டாவையும் மாத்திப் பார்த்தேன். எதுவும் மாறலை.

சொல்லிக்கொடுக்கிறவர் ஒரு வார்த்தை பேசலை. மேகசினை வாங்கிட்டுப் போய், எனக்கு முதுகைக் காட்டி நின்னு தோட்டா ஏத்தி, கையில கொடுத்தார். “சுடுங்க.” முதல் மூணு சுத்தமாப் போச்சு. நாலாவதுக்கு ட்ரிகரை அழுத்தினேன். டிக். உள்ளே கலந்து வச்சிருந்த டம்மி தோட்டா, வெடிக்காத போலி.

வெடியும் இல்லை, உதைப்பும் இல்லை. ஆனா ரெட்டிகிள், அதான் ஸ்கோப்புக்குள்ள தெரியிற குறிக்கோடு, இலக்கை விட்டுக் கீழ வலப்பக்கம் துள்ளிச்சு. அதை ஸ்கோப்புக்குள்ள என் கண்ணாலயே பார்த்தேன். என் தோள் முன்னால முட்டியிருக்கு, விரல் ட்ரிகரை விட்டுத் தெறிச்சிருக்கு. இத்தனை நாள் வெடிச்சத்தம் அதை மூடி வச்சிருந்திருக்கு.

குண்டு பேரலை விட்டு வெளியே போக ஒண்ணு, ஒன்றரை மில்லி விநாடிதான். ஆனா இந்தத் துப்பாக்கியில சுத்தியல் சுழன்று வந்து ஊசியைத் தட்டவே அதைவிடப் பல மடங்கு நேரம் ஆகும். அந்த இடைவெளியில நான் பண்ற எல்லாமே குண்டோட சேர்ந்து போகுதுன்னு அவர் சொன்னார். சொன்னப்ப புரியலை. அந்த டிக்ல புரிஞ்சது. வேற யாருக்காவது இப்படி ஒரே ஒரு நொடி மனசுல ஒட்டிக்கிட்டிருக்கா?

மூன்றாம்மேடு:

இருக்கு. சுருக்கமாச் சொல்றேன், ஏன்னா விரிவா நினைக்கப் பிடிக்கலை.

பல வருஷம் போல்ட் ஆக்‌ஷன்ல சுட்டுட்டு செமிக்கு வந்தேன். போல்ட்ல, சுட்ட பிறகு நானா போல்ட்டை (பேரலோட பின்பக்கத்தை மூடுற தண்டு) இழுத்துத் தள்ளாத வரை சேம்பர்ல, அதாவது தோட்டா உட்காருற அறையில, சுட்ட தோட்டாவோட வெறும் கூடுதான் இருக்கும். கை அந்தக் கணக்குக்குப் பழகியிருந்தது. சுடுதல் நிறுத்தம்னு குரல் கேட்டது. மேகசினைக் கழட்டி விரிப்பு மேல வச்சேன். எழுந்தேன். மனசுல துப்பாக்கி காலி.

ரேஞ்ச் ஆபீசர் வந்து குனிஞ்சு போல்ட்டைப் பின்னால இழுத்தார். பளபளன்னு ஒரு முழுத் தோட்டா துள்ளி விரிப்புல விழுந்தது. இலக்கு மாத்துறவங்க அப்பத்தான் முன்னால நடக்க ஆரம்பிச்சிருந்தாங்க.

அவர் திட்டலை. தோட்டாவை எடுத்து அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். பிரைமர் (ஊசி தட்டினதும் மருந்தைப் பத்தவைக்கிற பகுதி) நடுவுல குண்டூசி முனை அளவுக்கு ஒரு சின்னப் பள்ளம். இந்த வகைத் துப்பாக்கியில ஊசியைப் பின்னால இழுத்துப் பிடிக்க ஸ்பிரிங் கிடையாது. போல்ட் மூடும்போது ஊசி தன் வேகத்துலயே முன்னால வந்து பிரைமரை லேசாத் தொடும். அது இயல்புதான், பயப்பட வேண்டியதில்லைன்னு அவரே சொன்னார். ஆனா அந்தப் புள்ளியை நான் பார்த்துக்கிட்டே நின்னேன். அந்தத் தோட்டாவை இன்னும் சுடலை.

பத்துஷாட்:

தாமதவரவு, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். ட்ரிகர் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் முழுக் காரணம் அதுதான் என்று முடிவு கட்டிவிட்டீர்கள், அதை நான் ஏற்கவில்லை.

என் அனுபவம் மூன்று வரிதான். ஒவ்வொரு மேகசினிலும் என் முதல் குண்டு மட்டும் மற்றவற்றிலிருந்து விலகி விழுந்தது. பல மாதம் குளிர்ந்த பேரலைக் குறை சொன்னேன். பிறகுதான் தெரிந்தது, முதல் தோட்டாவை மட்டும் போல்ட்டைக் கையால் மெதுவாக வழிநடத்தி உள்ளே விட்டுக்கொண்டிருந்தேன். மற்ற ஒன்பதும் முழு வேகத்தில் ஏறின. முதலாவதையும் போல்ட்டை முழு வேகத்தில் மூடவிட்டு ஏற்றத் தொடங்கியதும் பெரும்பாலும் அடங்கிவிட்டது.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியவை. முதலில் 600ஐ மறந்துவிட்டு 100 மீட்டருக்குத் திரும்புங்கள். மூன்று ஷாட் குரூப்பை நம்பாதீர்கள். மூன்று குண்டு தற்செயலாக ஒரே துளையில் போகும், மனிதன் அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு அதையே தன் திறமை என்று நினைப்பான். பத்து ஷாட் சுடுங்கள். அந்தப் பத்தும் எவ்வளவு பரவுகிறதோ அதுதான் உங்கள் துப்பாக்கியும் நீங்களும் சேர்ந்து தரும் உண்மை. 100 மீட்டரில் 3 செ.மீ. பரவினால் 600இல் 18 செ.மீ.க்குக் குறையாது, காற்று அதற்கு மேல்.

அடுத்து, உடல் துப்பாக்கிக்குப் பின்னால் நேராக இருக்கிறதா என்று பாருங்கள். கோணலாகப் படுத்தால் உதைப்பு பக்கவாட்டில் தள்ளும். செமியில் இது இன்னும் தெளிவாகத் தெரியும், ஏனென்றால் போல்ட்டைத் தாங்கி ஓடும் போல்ட் கேரியர் பின்னால் ஓடி முட்டி மறுபடி முன்னால் வந்து முட்டுகிறது. ஒரே உதைப்பு அல்ல, அடுத்தடுத்து வரும் அசைவுகள். உதைப்பு முடிந்ததும் ரெட்டிகிள் தானாக இலக்குக்குத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் உங்கள் இயல்பான குறி அங்கே இல்லை, தசையால் இழுத்துப் பிடித்திருக்கிறீர்கள் என்று பொருள். கண்ணை மூடி, மூச்சு விட்டு, கண் திறந்து பாருங்கள். ரெட்டிகிள் நகர்ந்திருந்தால் கையால் தள்ளாமல் இடுப்பை நகர்த்துங்கள்.

பிறகு தோட்டா. தோட்டாவுக்குத் தோட்டா விநாடிக்கு 15 மீட்டர் வேக வித்தியாசம் இருந்தால் அது 600 மீட்டரில் 10 செ.மீ.க்கு மேல் உயரத்தை மாற்றும். பேரல் சூடு. பத்து ஷாட்டை ஒரு நிமிடத்தில் விட்டால் பேரலிலிருந்து எழும் வெப்பம் ஸ்கோப்புக்கு முன்னால் கானலாக ஆடும், இலக்கே நடனமாடும். பேரலின் மேல் ஒரு துணிப்பட்டை கட்டுங்கள்.

கடைசியாக, ஒரு வருடம் போல்ட் ஆக்‌ஷனில் பழகிவிட்டு செமிக்கு வாருங்கள் என்பதே என் உறுதியான கருத்து. அது ஒவ்வொரு குண்டுக்கும் யோசிக்க வைக்கும்.

கானல்பார்வை:

பத்துஷாட் அண்ணே, அவர் கேட்டது அனுபவம். ஆனா நீங்க எழுதினதுல கடைசிப் பத்தியைத் தவிர மத்தது எதையும் மறுக்கலை. அந்த ஒண்ணுக்கு மட்டும் பதில் சொல்லணும், ஏன்னா எனக்கு நடந்தது அதோட நேரடியாச் சம்பந்தப்பட்டது.

அன்னைக்கு இடமிருந்து வலமா காத்து, விநாடிக்குச் சுமார் 2 மீட்டர் வேகம். .308க்கு ஒரு வழக்கக் கணக்கு உண்டே, இந்தக் காத்துக்கு எத்தனை நூறு மீட்டரோ அத்தனை பத்தில் ஒரு மில். 600க்கு 0.6 மில், அதாவது 36 செ.மீ. அவ்வளவு இடப்பக்கம் தள்ளிக் குறி பிடிச்சு அஞ்சு குண்டு சுடணும். பக்கத்துல ஸ்பாட்டர் அண்ணன் (காத்தைப் பார்த்துச் சொல்றவர்) தொலைநோக்கியில, தரையிலிருந்து எழும்புற கானல் எந்தப் பக்கம் ஓடுதுன்னு பார்த்துக்கிட்டிருந்தார்.

ரெண்டு குண்டு நடுவுல. செமிதானே, துப்பாக்கி தானே ஏத்திக்குது, விரல் ருசி கண்டுடுச்சு. மூணாவதுக்கு விரலை வச்சேன். “பொறு”ன்னார். கேட்டது. கேட்டும் அழுத்திட்டேன். குண்டு போய்ச் சேர ஏறக்குறைய ஒரு விநாடி. அந்த ஒரு விநாடி முழுக்க நான் ஸ்கோப்ல பார்த்தது என்னன்னா, தண்ணி மாதிரி வலப்பக்கம் ஓடிக்கிட்டிருந்த கானல் நின்னு, நேரா மேல கொதிச்சுக்கிட்டிருந்தது. காத்து விழுந்துடுச்சு. என் குண்டு 36 செ.மீ. இடப்பக்கம் போய் மண்ணைக் கிளப்பினது. மண் எழும்புறதுக்கு முன்னாடியே அது எங்க விழும்னு எனக்குத் தெரியும். அதுதான் தூங்க விடலை.

அவர் அப்புறம் சொன்னது: “வேகம் துப்பாக்கியோட வேலை. எப்பன்னு சொல்றது உன் வேலை.” கொதிக்கிறப்ப சுடாதே, அடுத்து எந்தப் பக்கம் திரும்பும்னு யாருக்கும் தெரியாது. கானல் மறுபடி ஓட ஆரம்பிச்சு ஒரே சீரா இருக்கிறப்ப, அந்தக் காத்து மாறுறதுக்குள்ள மூணு நாலு குண்டை விட்டுடு. போல்ட்ல அந்தக் கொஞ்ச நேரத்துக்குள்ள அத்தனை குண்டு விடறது கஷ்டம். ஆக செமியில கத்துக்கிறவனுக்குச் செமியோட பலத்தைத்தான் முதல்ல சொல்லிக்கொடுக்கணும், அதை வேற துப்பாக்கியில போய்க் கத்துக்க முடியாது. இதுல நான் உங்களோட ஒத்துப்போகவே மாட்டேன்.

இடக்கைக்காரி:

இடக்கையால சுடுறவங்க யாராவது இதைப் படிக்கிறீங்களா?

கூடு வலப்பக்கமா வெளிய வரும். வலக்கைக்காரங்களுக்கு அது எங்கயோ போயிடும். என் முகம் அந்தப் பக்கம் இருக்கு. ஒரு நாள் சூடான கூடு காலருக்குள்ள விழுந்து கழுத்துல ஒட்டிக்கிச்சு. துடிச்சுப் போனேன். அந்த வலியிலயும் முதல்ல விரலைத்தான் ட்ரிகரை விட்டு எடுத்தேன். கூடு உள்ளயே கிடக்க, சேஃப்டி போட்டேன். பயிற்சியில நூறு தடவை சொன்னது அன்னைக்குக் கைகொடுத்தது.

ஆனா என்னைத் துரத்துறது அது இல்லை. அதுக்கப்புறம் ரெண்டு மாசம் 600ல எல்லா குண்டும் வலப்பக்கம், ஒரு 15 செ.மீ. 100ல பார்த்தா ஜீரோ அச்சு அசலா இருக்கு. காத்தே இல்லாத காலையிலும் அதே வலப்பக்கம். துப்பாக்கியை மாத்தலாம்னு முடிவு பண்ற வரைக்கும் போயிட்டேன்.

கூடவே பழகுற அக்கா ஒருத்தி எனக்குப் பின்னால படுத்துப் பார்த்துட்டு, “ஏம்மா துப்பாக்கியைச் சாய்க்கிறே?”ன்னா. நான் சாய்க்கலைன்னு சொன்னேன். ஸ்கோப் மேல ஒரு சின்ன ரசமட்டத்தைக் கட்டினா. குமிழி ஓரத்துல நின்னது. கூடு முகத்துக்கு வராம கீழ போகட்டும்னு என் உடம்பே துப்பாக்கியை வலப்பக்கமா மூணு டிகிரி சாய்ச்சு வச்சிருந்திருக்கு. 600ல குண்டு விழற உயரம் சுமார் 3 மீட்டர். அதுல மூணு டிகிரி சாய்வுன்னா பக்கவாட்டுல 15 செ.மீ. கணக்கு அப்படியே பொருந்துது. 100ல விழற உயரமே கொஞ்சம்தான், அதனால அங்க தெரியவே தெரியாது.

குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்தப்ப துப்பாக்கி இடப்பக்கம் சரிஞ்சு கிடக்குற மாதிரி இருந்துச்சு. என் கண்ணு சத்தியம் பண்ணிச்சு இது கோணல்னு. நேரா இருந்தது அதுதான்.

பத்துஷாட்:

கானல்பார்வை, காற்று ஒரே சீராக இருக்கும்போது வேகமாகச் சுடுவது பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், “பொறு” என்று கேட்டும் அழுத்தினேன் என்று. அந்தப் பொறுமையைத்தான் போல்ட் கற்றுக்கொடுக்கும் என்கிறேன். இதில் நான் பின்வாங்கவில்லை.

இடக்கைக்காரி, கழுத்தில் பொத்தான் போடும் சட்டை, தொப்பி, பக்கங்களையும் மூடும் கண்ணாடி. கேட்காமல் சொல்கிறேன், மன்னிக்கவும்.

தாமதவரவு:

எல்லாருக்கும் நன்றி. மூன்றாம்மேடு, உங்க பதிவைப் படிச்சதுல இருந்து மேகசினைக் கழட்டினதும் போல்ட்டை இழுத்துப் பூட்டி, சேம்பரைக் கண்ணால பார்த்து, அப்புறம் சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பார்க்கிறேன். சேம்பர் காலின்னு காட்டுற கொடியையும் செருகிட்டுத்தான் எழுறேன்.

பத்துஷாட் சார், நீங்க சொன்ன மாதிரி கண்ணை மூடித் திறந்து பார்த்தேன். ரெட்டிகிள் ஒரு கோடு வலப்பக்கம் நகர்ந்திருந்தது, இடுப்பை மாத்தினேன். அதுவும் இருந்திருக்கு, ஒத்துக்கிறேன். ஆனா டம்மியில பார்த்த துள்ளல் அது இல்லை சார். அது வேற.

இப்ப ஒவ்வொரு ஷாட்டுக்கும் ட்ரிகரை அழுத்தினபடியே பிடிச்சிருக்கேன். உதைப்பு அடங்கி, ரெட்டிகிள் இலக்குக்கு வந்து, குண்டு விழறதைப் பார்த்த பிறகுதான் மெதுவா விடுறேன். ட்ரிகர் திரும்பிப் பூட்டுற அந்தச் சின்னச் சொடுக்கு விரல்ல தெரியும். அதை உணர்ந்ததும்தான் அடுத்தது.

நேத்து அவர் பத்துல மூணு டம்மி கலந்து கொடுத்தார். முதல் ரெண்டுலயும் டிக் கேட்டது, ரெட்டிகிள் அசையவே இல்லை. மூணாவது கடைசித் தோட்டாவா இருந்துச்சு. முடிஞ்சுதுன்னு மனசு நினைச்ச நேரம். அதுல அசைஞ்சது. கொஞ்சம்தான், கால் மில் இருக்கும்.

அவரும் பார்த்துட்டார். மேகசினுக்குக் கையை நீட்டினார்.