காமராசர் பல்கலைக்கழக மாணவர்களின் வார இறுதிப் பயணத்திற்கு ஆலோசனை தேவை

மதிப்பிற்குரிய குழு அன்பர்களுக்கு வணக்கம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இவ்வாண்டு சேர்ந்துள்ள வெளியூர் மாணவர்கள் சுமார் இருபது பேரை, வளாகத்தைச் சுற்றியுள்ள இடங்களுக்கு ஞாயிறுதோறும் அழைத்துச் செல்ல விரும்புகிறேன். மீனாட்சியம்மன் கோயிலுக்கும் திருமலை நாயக்கர் மகாலுக்கும் அவர்கள் தாங்களாகவே போய்விடுவார்கள். பக்கத்திலேயே இருக்கும் கீழக்குயில்குடி சமணர் மலையைப் பாராமலே பலர் படிப்பை முடித்துச் செல்வதுதான் எனக்கு வருத்தம்.

அடிவாரத்தில் தாமரைக் குளமும் ஆலமரங்களும் அய்யனார் கோயிலும், மேலே பேச்சிப்பள்ளம் என்னும் இடத்தில் வரிசையாகச் செதுக்கிய, சமண சமய ஆசான்களான தீர்த்தங்கரர்களின் உருவங்களும் உள்ளன. அவற்றின் கீழே, செய்வித்தவர்களின் பெயர்கள் வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்துமுறையில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட அந்த எழுத்துகளை மாணவர்கள் அருகில் நின்று பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. சென்ற முறை முற்பகல் பதினொரு மணிக்கு ஏறத் தொடங்கியதால், பாறைச் சூட்டில் இருவர் மயங்கும் நிலைக்கு வந்து, பாதியிலேயே இறங்க நேர்ந்தது.

ஆகவே, காலை எத்தனை மணிக்குத் தொடங்கினால் அதே மலையிலுள்ள செட்டிப்புடவு என்னும் சமணக் குகையையும் சேர்த்து நிதானமாகப் பார்க்கலாம்? வட்டெழுத்தை வாசித்து விளக்கக்கூடியவர் யாரேனும் உடன் வர இயலுமா? தமிழி (தமிழ்-பிராமி) எழுத்துக் கல்வெட்டுகள் உள்ள கொங்கர் புளியங்குளத்தையும் முத்துப்பட்டியையும் அடுத்தடுத்த வாரங்களில் வைத்துக்கொள்ளலாமா, அல்லது 2023-இல் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்தை முதலில் காட்டுவது நல்லதா? சென்று வந்தவர்கள் பேருந்து வசதி, குடிநீர் பற்றியும் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.