நாய் நன்றாகத்தானே இருக்கிறது? தோட்டத்து விஷங்கள் பற்றிய அனுபவப் பகிர்வு

எலி மருந்தில் தொடங்கலாம். ஆளை அதிகம் ஏமாற்றுவது அதுதான். புரோமடியோலோன், புரோடிஃபகூம் வகைக் கட்டியைத் தின்ற நாய் அன்றைக்கும் மறுநாளும் வழக்கம்போலச் சாப்பிடும், வாலாட்டும். கல்லீரல் வைட்டமின் கே-யைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதை அந்த மருந்து தடுத்துவிடுகிறது. ஆனால் ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கும் உறைகாரணிகள் (ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்கள்) தீரும்வரை வெளியே எதுவும் தெரியாது. பெரும்பாலும் 3 முதல் 5 நாளுக்குள்தான் நாய் சோர்ந்து படுக்கும், ஈறு வெளுக்கும், இருமும், மூச்சு வாங்கும். மூக்கில் ரத்தம் வந்தால்தான் எலி மருந்து என்று பலரும் நினைக்கிறார்கள். நெஞ்சுக்கூட்டுக்குள் கசிந்தால் வெளியே ஒரு சொட்டுகூட வராது.

தின்று 2 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் போனால் வாந்தி எடுக்க வைத்தே பெரும்பகுதியை வெளியேற்றிவிட முடியும். பிறகு 48 முதல் 72 மணி நேரத்துக்குள் ரத்தம் உறையும் நேரத்தைச் சோதித்துப் பார்ப்பார்கள். மருந்து வைட்டமின் கே1: நாளொன்றுக்கு எடையில் ஒரு கிலோவுக்கு 2.5 முதல் 5 மி.கி. வரை, கொழுப்புள்ள உணவோடு. கொழுப்பு இல்லாவிட்டால் உடம்பில் சரியாகச் சேராது. இந்த இரண்டு எலி மருந்துகளும் கல்லீரலில் வாரக்கணக்கில் தங்குவதால் கே1-ஐ 3, 4 வாரம் கொடுக்க வேண்டியிருக்கும். தவறு நடப்பது இங்கேதான். ஒரு வாரத்தில் நாய் ஓடியாடத் தொடங்கியதும் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள், மறுபடி ரத்தக்கசிவு. கடைசி மாத்திரை கொடுத்து 48 முதல் 72 மணி நேரம் கழித்து இன்னொரு சோதனை பார்த்த பிறகே முடிந்தது என்று கொள்ள வேண்டும். கே1-க்குப் பதில் வைட்டமின் கே-யின் இன்னொரு வகையான கே3 கொடுப்பது வீண்.

*

எல்லா எலி மருந்தும் இப்படி நிதானமாக வேலை செய்யாது. சாம்பல் கறுப்புப் பொடியாக வரும் துத்தநாக பாஸ்பைடு வயிற்று அமிலம் பட்டதும் பாஸ்பீன் வாயுவாக மாறும். அறிகுறி பெரும்பாலும் சில மணி நேரத்திலேயே வந்துவிடும். வயிற்றில் சோறோ பாலோ விழுந்தால் அமிலம் கூடும், வாயுவும் கூடும். எனவே இதற்கு மட்டும் எதையும் ஊட்டவே கூடாது. நாய் வாந்தி எடுத்தால் அந்த வாயு பக்கத்தில் இருப்பவரையும் தாக்கும். காரில் கொண்டுபோகும்போது நான்கு கண்ணாடியையும் இறக்கி வையுங்கள். மாற்று மருந்து கிடையாது, வைட்டமின் கே இதற்கு உதவாது.

கட்டியின் நிறத்தை வைத்து 'பச்சை என்றால் இது, நீலம் என்றால் அது' என்று முடிவு கட்டாதீர்கள். ஒரே பச்சை நிறத்தில் ரத்தம் உறையாமல் செய்வதும் இருக்கிறது, மூளையை வீங்க வைக்கும் புரோமெத்தலினும் இருக்கிறது, கால்சியத்தை ஏற்றிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும் கோலிகால்சிஃபெராலும் இருக்கிறது. உறையில் உள்ள மூலப்பொருளின் பெயர் ஒன்றுதான் கணக்கு.

*

விஷம் என்றதும் எல்லோரும் எலி மருந்தைத் தேடுகிறார்கள். உர மூட்டையை யாரும் பார்ப்பதில்லை. இயற்கை உரம் என்ற பெயர் ஒரு தைரியத்தைக் கொடுத்துவிடுகிறது போலும். ஆமணக்குப் பிண்ணாக்கு சரியாகப் பதப்படுத்தப்படவில்லை என்றால் அதில் ரிசின் என்ற நச்சு அப்படியே இருக்கும். அதன் மணம் நாய்க்குப் பிடிக்கும், ஒரு பிடி இரு பிடி என்று நிறுத்தாது. சில மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள்தான், வாந்தியும் ரத்தக் கழிச்சலும் தொடங்கும். முழு ஆமணக்கு விதையை அப்படியே விழுங்கினால் ஓடு உடையாமல் வெளியே வந்துவிடக்கூடும். கடித்துத் தின்றால் கதை வேறு. பிண்ணாக்கிலோ ஓட்டின் பாதுகாப்பே கிடையாது.

அடுத்தது எலும்புத் தூள். அது தனியாக உயிரை எடுப்பது அரிது. அதிகம் தின்றால் வயிற்றில் கட்டியாக இறுகி அடைத்துக்கொள்ளும். ஆனால் ரோஜாச் செடிக்கு எலும்புத் தூளையும் குருணைப் பூச்சிமருந்தையும் ஒரே குழியில் போடுபவர்கள் உண்டு. இரை வைத்து விஷம் வைப்பதும் அதுவும் ஒன்றுதான். மண்ணைப் போட்டு மூடினாலும் நாய் தோண்டிவிடும். அந்த மருந்து ஆர்கனோபாஸ்பேட்டோ கார்பமேட்டோ என்றால் எச்சில் ஒழுகும், கண்ணில் நீர் வடியும், சிறுநீரும் மலமும் கட்டுப்படாமல் போகும், கண்மணி ஊசிமுனைபோல் சுருங்கும், தசை துடிக்கும். அதற்கான மாற்று மருந்தான அட்ரோபின் உடனே தேவை. குருணை போட்டே ஆக வேண்டும் என்றால் எலும்புத் தூளைத் தவிர்த்துவிட்டு, பாத்தியைச் சுற்றி வலை கட்டுங்கள்.

நத்தைக்குப் போடும் மெட்டால்டிஹைடு குருணையும் தவிட்டோடு கலந்தே வருகிறது. 1 முதல் 3 மணி நேரத்தில் நடுக்கம், பிறகு வலிப்பு, உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியசைத் தாண்டும். பூசணம் பிடித்த உணவுக் கழிவு கிடக்கும் மட்கு குழியைக் கிளறித் தின்ற நாய்க்கும் ஏறக்குறைய இதே நடுக்கம் வரும்; காரணம் பூசண நச்சு. நத்தை மருந்தே வீட்டில் இல்லை என்பவர்கள் மட்கு குழி மூடியிருக்கிறதா என்று பாருங்கள்.

*

செடிகளில் மூன்றைச் சொன்னால் போதும். சைகஸ் (பனைபோல் இருக்கும் அலங்காரச் செடி): எல்லாப் பாகமும் விஷம், விதையில் மிக அதிகம், ஒன்றிரண்டு விதையே நாயைக் கொல்லக்கூடும். முதல் நாள் வாந்தி நின்று தேறியதுபோல் இருக்கும், 2 அல்லது 3 நாளில் கல்லீரல் செயலிழக்கும். அரளி: வெட்டிக் காயப்போட்ட கிளைக்கும் அதே வீரியம், இதயத் துடிப்பைக் குலைக்கும். செங்காந்தள்: கிழங்கில் கோல்சிசின் என்ற நச்சு, தோண்டும் பழக்கமுள்ள நாய்க்கு ஆபத்து. மற்றபடி சேம்பு வகைகள் வாயைச் சுட்டு எச்சில் ஒழுக வைக்கும். உயிருக்கு மோசம் வருவது அரிது.

*

தேரையைக் கவ்விய நாய் நுரை தள்ளும், தலையை உதறும், ஈறு செக்கச்செவேல் என்று சிவக்கும். ஈரத்துணியால் ஈறு, நாக்கு, மேலண்ணம் மூன்றையும் தேய்த்துத் துடைத்து, துணியை அலசி மறுபடி துடையுங்கள். 5 முதல் 10 நிமிடம் விடாமல் செய்ய வேண்டும். தலை தாழ்ந்தே இருக்கட்டும். குழாயை நேராகத் தொண்டைக்குள் பீய்ச்சினால் தண்ணீர் நுரையீரலுக்குப் போய்விடும். தள்ளாட்டமோ வலிப்போ வந்தால் துடைத்துக்கொண்டிருக்க நேரமில்லை, கிளம்பிவிடுங்கள்.

*

வாந்தி எடுக்க வைக்க உப்புக் கரைசல் ஊற்றுவதை இன்னும் எத்தனை பேர் செய்கிறார்கள்! வாந்தி வராவிட்டால் அந்த உப்பே ரத்தத்தில் சோடியத்தை ஏற்றி வலிப்பைக் கொண்டுவரும். பாலும் முட்டையும் விஷத்தை முறிக்காது. அடுப்புக்கரி வேறு, விஷத்தை உறிஞ்ச மருத்துவர் கொடுக்கும் கரி வேறு. மண்ணெண்ணெய், அமிலம், காரம் குடித்திருந்தாலும், நாய் நடுங்கிக்கொண்டோ மயங்கியோ இருந்தாலும் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. மேலில் பூச்சிமருந்து கொட்டியிருந்தால் மட்டும் கையுறை போட்டுக்கொண்டு பாத்திரம் துலக்கும் திரவ சோப்பால் கழுவி, அது நக்குவதற்குள் துவட்டுங்கள்.

*

மருத்துவமனைக்குப் போகும்போது மருந்தின் உறை, மிச்சம், வாந்தி கொஞ்சம் மூடிய பையில், நாயின் எடை, நாய் கடைசியாக நன்றாக இருந்த நேரம் ஆகியவை கையில் இருக்கட்டும். தின்ற அளவை ஏன் கேட்கிறார்கள் என்றால், 0.005 சதவீத புரோடிஃபகூம் கட்டி 20 கிராமில் இருப்பது 1 மி.கி.; 10 கிலோ நாய்க்கு அது கிலோவுக்கு 0.1 மி.கி. சிகிச்சை வேண்டுமா என்பது அந்த எண்ணை வைத்துத்தான் முடிவாகும். வீட்டில் இரண்டு நாய் இருந்து எது தின்றது என்று தெரியவில்லையா? பாதிப் பாதியாகப் பிரிக்காதீர்கள். காணாமல் போனது முழுவதையும் ஒவ்வொன்றும் தின்றதாகவே கணக்குப் போட்டு, இரண்டு நாயையும் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.