பழைய லண்டன் மோனோபலி: வீட்டுல நாமளா சேர்த்த விதிகளை விடணுமா?

கோட்டையூர் வளவு:
பேசறது வாடிங்டன்ஸ் கம்பெனி 1936ல் கொண்டுவந்த லண்டன் தெருப் பலகையைப் பத்தி: பகடை போட்டு, தெருவை வாங்கி, வீடு கட்டி, வந்து விழுறவர்கிட்ட வாடகை வாங்குற மோனோபலி ஆட்டம். ஆட்டம் இழுக்குதுன்னு எல்லாரும் பலகையைத் திட்டுறாக. குத்தம் நாம சேர்த்த விதியில. வருமான வரி 200, சூப்பர் டாக்ஸ் 100 இதெல்லாம் வங்கிக்குப் போகணும். நாம நடுவுல குவிச்சு, ஃப்ரீ பார்க்கிங்ங்கிற மூலைக் கட்டத்துல வந்து விழுறவருக்கு அள்ளிக் குடுக்குறோம். ஒவ்வொரு சுத்துக்கும் 200 பவுண்டு புதுசா வருது, வெளிய எதுவும் போகல. அப்புறம் யார் எப்படித் திவாலாவாக? இன்னொண்ணு, வாங்க மறுத்த தெருவை ஏலம் விடணும்னு விதித்தாள்லயே இருக்கு.

புதுவயல் ஆச்சி:
ஏலம் வச்சா கையில காசிருக்கிறவுகளே எல்லாத்தையும் அள்ளிருவாக. பத்து வயசுப் பிள்ளை அரை மணியில எந்திரிச்சுப் போயிரும். ஆறு பேர் ஆடுறப்ப அந்தக் குவியல்தான் பின்தங்கினவுகளுக்கு ஒரே நம்பிக்கை. இருந்துட்டுப் போகட்டுமே.

கோட்டையூர் வளவு:
தலைகீழ், ஆச்சி. ஏலம் எந்தத் தொகையிலயும் தொடங்கலாம், வேண்டாம்னவரும் கேட்கலாம். 60 பவுண்டு ஓல்டு கென்ட் ரோடு பத்துக்கே போகலாம். காசு குறைஞ்சவருக்கு அதுதான் வழி. நம்ம நகரத்தார் பிள்ளையார் நோன்புல உப்பையே ஏலம் விடுறவுக நாம, இதுக்குப் போய்க் கூச்சமா?

தேவகோட்டை தாயக்கட்டை:
ஏலத்தை விட முக்கியம் வீட்டு எண்ணிக்கை. பெட்டியில 32 வீடு, 12 ஹோட்டல். தொலைஞ்சா சோழியை வச்சு ஆடுறாக, அதுவும் அளவில்லாம. அங்கதான் ஆட்டம் கெடுது. 32தான்னு அளவு இருந்தா, எட்டுத் தெருவுல நாலு நாலு வீடு நின்னா வங்கியில ஒண்ணும் மிஞ்சாது, மத்தவுக கட்டவே முடியாது. ஹோட்டலுக்கு மாத்தினா அந்த நாலும் வங்கிக்குத் திரும்பிரும். அதனால வேணும்னே மாத்தாம நிறுத்துறதும் தந்திரம்தான். சோழி வைங்க, ஆனா மொத்தம் 32ஐத் தாண்டக் கூடாது. கடைசி வீட்டுக்கு ரெண்டு பேர் போட்டி போட்டா அதுக்கும் ஏலம்தான்.

புதுவயல் ஆச்சி:
என்ன தந்திரம் பண்ணினாலும் பலகையிலயே விலை கூடின மேஃபேர் தெருவை வச்சிருக்கவுகதான ஜெயிக்கிறாக?

தேவகோட்டை தாயக்கட்டை:
இல்ல ஆச்சி. ஆரஞ்சு மூணு தெருவைப் பாருங்க: போ ஸ்ட்ரீட், மார்ல்பரோ ஸ்ட்ரீட், வைன் ஸ்ட்ரீட். ஆளுக அடிக்கடி போய் மாட்டுற சிறைக் கட்டத்துலருந்து 6, 8, 9 கட்டம் தள்ளி. ரெண்டு பகடையில இந்த மூணுல ஒண்ணு விழ 36க்கு 14 வாய்ப்பு. வாங்க 560, தெருவுக்கு மூணு வீடு கட்ட 900, ஆக 1460. தொடக்கக் காசு 1500க்குள்ள அடங்கிருது. வைன் ஸ்ட்ரீட்ல மூணு வீட்டுக்கு வாடகை 600. மேஃபேர், பார்க் லேன் ரெண்டையும் வாங்கி மூணு மூணு வீடு வைக்க 1950 வேணும். வாடகை பெருசுதான், ஆனா ஆள் வரணுமே.

புதுவயல் ஆச்சி:
கணக்கு சரி. திவாலான பிள்ளை என்ன பண்ணும்? அதுக்கு யாரும் பதில் சொல்லலையே.

கோட்டையூர் வளவு:
அது ஆட்டத்தோட பிறவிக் குணம், மறுக்கல. இதுக்கு மூலமான ஆட்டத்துக்கு லிஸ்ஸி மாகிங்கிற அமெரிக்கப் பெண் 1904ல காப்புரிமை வாங்கினதே நிலம் ஒரே கையில சேர்ந்தா என்ன ஆகும்னு காட்டத்தான். பிள்ளைக இருந்தா விதித்தாள்ல இருக்கிற குறும் ஆட்டத்தை ஆடுங்க: தெருப் பட்டாச் சீட்டுகளைக் கலைச்சு ஆளுக்கு ரெண்டு குடுத்து, விலையை உடனே வங்கிக்குக் கட்டச் சொல்லணும். மூணு வீடு வந்தாலே ஹோட்டல். ரெண்டாவது ஆள் திவாலானதும் ஆட்டம் முடிஞ்சது, சொத்து அதிகமிருக்கிறவர் ஜெயிச்சார்.

தேவகோட்டை தாயக்கட்டை:
அடமானத்தையும் சேர்த்துச் சொல்லிடுறேன். தெரு விலையில பாதி கிடைக்கும்; மீட்க அந்த அசலும் அதுக்கு மேல 10 சதவீதமும் கட்டணும், எத்தனை சுத்து கழிச்சு மீட்டாலும் அதே வட்டி. நம்ம பக்கத்து லேவாதேவிக்காரர் கேட்டா சிரிப்பாக.

புதுவயல் ஆச்சி:
சரி, குறும் ஆட்டம் ஆடிப் பாக்குறோம், ஏலமும் இருக்கட்டும். ஃப்ரீ பார்க்கிங் குவியலை மட்டும் எடுக்க மாட்டோம்.