அந்த ஒரு பூஜ்யம்: புது ஃபைல்சிஸ்டம் வசதிகளைச் சோதித்தபோது உங்களுக்கு நடந்தது என்ன?

இரவுச்சுற்று

லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டத்துக்கு ஃபாஸ்ட் கமிட் (மாற்றங்களைச் சுருக்கமாகப் பதிந்து வேகமாக வட்டில் உறுதிசெய்யும் வசதி) 5.10 கர்னலில் வந்த புதிது. 2020 டிசம்பர். விர்ச்சுவல் மெஷினில் அதைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தேன். ஸ்கிரிப்ட் சின்னதுதான். தற்காலிகப் பெயரில் கோப்பை எழுதும், எஃப்சிங்க் செய்யும் (உடனே வட்டில் எழுதி முடி என்று கேட்பது), சரியான பெயருக்கு ரீனேம் செய்யும், மெஷினைக் கொன்றுவிட்டுத் திரும்ப எழுப்பிப் பார்க்கும், அப்புறம் எம்கேஎஃப்எஸ் போட்டு வட்டை அழித்துப் புதிதாக அமைத்து மறுபடி முதலிலிருந்து. எஃப்சிங்க் இல்லாத ஒரு வகையும் வைத்திருந்தேன், எந்தச் சுற்றில் எது என்று ஸ்கிரிப்டே குலுக்கல் முறையில் எடுத்துக்கொள்ளும்.

ராத்திரி இரண்டரை மணி இருக்கும், தண்ணீர் குடிக்க எழுந்தவன் திரையைப் பார்த்தேன். ஜர்னல் ரெகவரி (பாதியில் நின்ற மாற்றங்களைச் சரிசெய்வது) முடிந்து, மவுண்ட் ஆகி, கோப்புப் பட்டியல் காட்டும் எல்எஸ் கட்டளையின் வெளியீடு ஒரு வரி. பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது, அளவு இருக்க வேண்டிய இடத்தில் 0. கை கீபோர்டுக்குப் போவதற்குள் அடுத்த வரி வந்துவிட்டது, எம்கேஎஃப்எஸ். வட்டு துடைத்த மாதிரி ஆகிவிட்டது.

அது எஃப்சிங்க் செய்த சுற்றா, செய்யாத சுற்றா? செய்யாததென்றால் அது பிழையே இல்லை. செய்ததென்றால் பெரிய பிழை. அந்த ஒரு தகவலை கெஸ்டுக்குள்ளேயே (அந்த விர்ச்சுவல் மெஷினுக்குள்ளேயே) எழுதி வைத்திருந்தேன், கெஸ்டோடு சேர்ந்து அதுவும் போய்விட்டது. அதற்கப்புறம் எத்தனையோ இரவுகள் ஓட்டியாயிற்று, திரும்ப வரவே இல்லை. உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

மூன்றாம்வட்டு

என்னுடையது ஸ்கிராட்ச் டெவ் கதை. எக்ஸ்எஃப்எஸ்டெஸ்ட்ஸ் என்ற ஃபைல்சிஸ்டம் சோதனைத் தொகுப்பை ஓட்டுகிறவர்கள் இந்த வார்த்தையைக் கேட்டதுமே ஊகித்திருப்பீர்கள்.

எக்ஸ்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டத்தில் ரீஃப்ளிங்க் (இரண்டு கோப்புகள் ஒரே பிளாக்குகளைப் பகிரும் வசதி) சோதிக்க வேண்டியிருந்தது. லோக்கல் கான்ஃபிக்கில் டெஸ்ட் டெவ் ஒன்று, ஸ்கிராட்ச் டெவ் ஒன்று, இரண்டையும் எஸ்டிபி, எஸ்டிசி என்று கர்னல் வட்டுகளுக்கு வரிசையாக வைக்கும் எழுத்தாகவே போட்டிருந்தேன். வார இறுதியில் யாரோ அந்த மெஷினில் இன்னொரு வட்டைச் செருகியிருக்கிறார்கள். ரீபூட்டுக்குப் பிறகு எழுத்துகள் நகர்ந்துவிட்டன. திங்கட்கிழமை காலை வழக்கம்போல ஓட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

கையால் எம்கேஎஃப்எஸ் அடித்தால் 'இதில் ஏற்கெனவே ஒரு ஃபைல்சிஸ்டம் இருக்கிறது' என்று சொல்லி மறுத்துவிடும். சோதனைத் தொகுப்பு அப்படி மறுக்க விடாது, அதுவே மைனஸ் எஃப் (கட்டாயமாக எழுது) சேர்த்துத்தான் கூப்பிடும். ஸ்கிராட்ச் என்றால் அழிப்பதற்கென்றே கொடுத்தது என்றுதானே பொருள். நான் திரும்பி வந்தபோது பக்கத்து மேசைக்காரர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். "தம்பி, என் வட்டு மவுண்ட் ஆகமாட்டேங்குது, நீ ஏதாவது பண்ணினியா?" என்று மெதுவாகத்தான் கேட்டார். எட்டு மாத அளவீடுகள் அதில் இருந்தன, பாதிக்கு மேல் வேறெங்கும் பிரதி இல்லை. அவர் ஒரு நாளும் என்னைத் திட்டவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இப்போதெல்லாம் அந்த எழுத்துக்குப் பதில் வட்டின் சொந்த அடையாளத்தைச் சொல்லும் பை-ஐடி பாதைதான் எழுதுகிறேன்.

ஃப்ளஷ்முக்கியம்

முதல் பதிவு போட்ட நண்பருக்கு. விர்ச்சுவல் மெஷினைக் கொல்வது மின்வெட்டுக்குச் சமம் ஆகாது, இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். வழக்கமான ரைட்பேக் அமைப்பில் கியூஎமுவை (விர்ச்சுவல் மெஷினை ஓட்டும் நிரலை) கொன்றால் கெஸ்டின் நினைவகம்தான் போகும். கெஸ்ட் வட்டுக்கு அனுப்பி முடித்ததெல்லாம் ஹோஸ்டின் (அதை ஓட்டும் உண்மையான கணினியின்) பேஜ் கேஷ் நினைவகத்தில் பத்திரமாக உட்கார்ந்திருக்கும். ஃபைல்சிஸ்டம் ஒரு இடத்தில் ஃப்ளஷ் (வட்டின் தற்காலிக நினைவகத்தில் இருப்பதை நிரந்தரமாக எழுதச் சொல்வது) கேட்க மறந்திருந்தால் அந்தப் பிழை உங்கள் ஸ்கிரிப்டில் நூறு வருஷம் ஓட்டினாலும் தெரியாது. டிஎம்-லாக்-ரைட்ஸ் என்ற கர்னல் கருவியைப் போடுங்கள். வட்டுக்குப் போகும் ஒவ்வொரு எழுதுதலையும் ஃப்ளஷ் எங்கே வந்தது என்பதோடு வரிசையாகப் பதிந்து வைக்கும், எந்தப் புள்ளியில் வேண்டுமானாலும் நிறுத்தி அந்த நிலையில் மவுண்ட் செய்து பார்க்கலாம். வட்டின் அந்த நிலை அப்படியே கையில் இருக்கும், இரண்டரை மணிக்கு ஓடிவர வேண்டியதில்லை.

இன்னொன்று. ரீனேம் செய்த பெயரில் ஏற்கெனவே கோப்பு இருந்ததா, புதுப் பெயரா? 2009-இல் கேடிஇ டெஸ்க்டாப்பின் அமைப்புக் கோப்புகள் பூஜ்யமாகிப் பெரிய சண்டை நடந்ததே, அதற்கப்புறம் 2.6.30-இல் ஈஎக்ஸ்டி4 ஒரு ஏற்பாடு செய்தது. பழைய கோப்பின் மேல் ரீனேம் செய்தால் எஃப்சிங்க் கேட்காவிட்டாலும் தள்ளிப்போட்ட பிளாக்குகளை உடனே எழுதத் தொடங்கிவிடும். புதுப் பெயர் என்றால் அந்தச் சலுகை கிடையாது. நீங்கள் ஒவ்வொரு சுற்றிலும் எம்கேஎஃப்எஸ் போடுகிறீர்கள், அப்படியென்றால் புதுப் பெயர்தான். என் கணிப்பு, அது எஃப்சிங்க் இல்லாத சுற்று, பிழை இல்லை.

என் அனுபவம் சின்னது. 2018 கடைசியில் 4.19 கர்னல். ஈஎக்ஸ்டி4 கெட்டுப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு, நானும் அப்படியே நம்பி ஈஎக்ஸ்டி4 கமிட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துப் பத்து நாள் கழித்தேன். குற்றவாளி அதற்குக் கீழே, வட்டுக்குக் கோரிக்கைகளை அனுப்பும் பிளாக் அடுக்கில், பிஎல்கே-எம்க்யூவில் இருந்தது. 4.19.8-இல் சரியானது. அந்தப் பத்து நாளும் நான் கீழே குனிந்து பார்க்கவே இல்லை.

மரம்_வேர்

2019 செப்டம்பர், பட்டர்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம், 5.2 கர்னல். சோதனை மெஷின்கூட இல்லை, என் மடிக்கணினி. காலையில் திறந்தால் 'பேரன்ட் டிரான்ஸ்ஐடி வெரிஃபை ஃபெயில்ட்'. அதன் மரவடிவ அமைப்பில் தாய்க் கணு எதிர்பார்க்கும் எண் ஒன்று, வட்டில் இருக்கும் எண் வேறு. எழுதியதாகக் கர்னல் நினைத்துக்கொண்டிருந்த மெட்டாடேட்டா (எது எங்கே இருக்கிறது என்ற விவரம்) வட்டுக்குப் போகவே இல்லை. 5.2.15-இல் திருத்தினார்கள், எனக்கு ஒரு வாரம் தாமதம்.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் இந்தச் செய்தியைப் பார்த்ததும் எல்லோரும் செய்கிற முதல் தவறை நானும் செய்யப் போனேன். பட்டர்எஃப்எஸ் செக் ரிப்பேர் கட்டளையை அடிக்காதீர்கள். அதன் கையேடே எச்சரிக்கிறது, சேதம் இன்னும் கூடலாம். முதலில் முழு வட்டையும் இன்னொரு வட்டுக்குப் பிட் பிட்டாகப் பிரதி எடுங்கள். அந்தப் பிரதியில் ரீட் ஒன்லியாக, பழைய வேர்களைப் பயன்படுத்தும் விருப்பத்தோடு மவுண்ட் செய்து பாருங்கள். ஆகவில்லையா, பட்டர்எஃப்எஸ் ரெஸ்டோர் இருக்கிறது, மவுண்ட் செய்யாமலேயே கோப்புகளை வெளியே எடுக்கும். எனக்கு அதில்தான் பெரும்பகுதி கிடைத்தது. கிடைத்த பிறகும் ஒவ்வொரு கோப்பையும் திறந்து பாருங்கள், பெயர் வந்துவிட்டது என்று நிம்மதி ஆகாதீர்கள்.

ஹேஷ்பார்

ஃப்ளஷ்முக்கியம் 'பிழை இல்லை' என்று இவ்வளவு உறுதியாகச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அவர் சொன்ன 4.19 கதையே அதற்கு எதிரான சாட்சி, ஆதாரம் இல்லாமல் ஒரு பக்கம் முடிவு கட்டித்தானே அவருக்குப் பத்து நாள் போயிற்று.

2023 நவம்பர், ஓபன்ஸெட்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம், 2.2.0 பதிப்பு. பிளாக் குளோனிங் (பிரதி எடுக்காமல் அதே பிளாக்குகளைப் பகிர்வது) அப்போதுதான் வந்திருந்தது. பிரதி எடுத்த கோப்புகளில் நடுநடுவே பூஜ்யங்கள் என்று செய்தி பரவியதும் எல்லோரும் அதன் மேலேயே பழி போட்டார்கள், 2.2.1-இல் அதை அணைத்தும் விட்டார்கள். நானும் அணைத்துவிட்டு, சிபி கட்டளையால் ஒரே கோப்பிலிருந்து இணையாக ஆயிரக்கணக்கான பிரதிகள் எடுக்கும் ஸ்கிரிப்டை ஓட்டினேன். எல்லாப் பிரதிக்கும் ஒரே அளவு. ஷா256 ஹேஷ் (உள்ளடக்கத்தின் கைரேகை மாதிரி) பட்டியலைக் கீழே உருட்டிக்கொண்டே வந்தேன், ஒரே ஹேஷ், ஒரே ஹேஷ், திடீரென்று ஒரு வரி மட்டும் வேறு. முதுகு சில்லிட்டது. குளோனிங் இல்லாமலேயே வருகிறதே!

பிழை பல வருஷமாகவே இருந்தது. எழுதி இன்னும் வட்டுக்குப் போகாத பகுதியை 'இங்கே ஓட்டை' (எதுவும் எழுதாத இடம்) என்று சில நொடித்துளிகள் தவறாகச் சொல்லிவிடும், புது சிபி ஓட்டைகளைத் தேடித் தாண்டுகிற வழக்கமுள்ளது, அதை நம்பிப் பூஜ்யம் வைத்துவிடும். ஸ்க்ரப் (செக்சம்களைச் சரிபார்க்கும் சோதனை) ஓட்டினாலும் பிடிபடாது, ஏனென்றால் அந்தப் பூஜ்யங்களுக்கே சரியான செக்சம் எழுதப்பட்டிருக்கும். 2.2.2-இல்தான் உண்மையாகச் சரியானது. எல்எஸ் மட்டும் பார்த்திருந்தால் நான் 'எல்லாம் சரி' என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன்.

இரவுச்சுற்று

ஃப்ளஷ்முக்கியம் கேட்டதற்கு: ஆமாம், புதுப் பெயர்தான். அவர் கணிப்பு சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் ஹேஷ்பார் சொன்னதுபோல என்னிடம் ஆதாரம் இல்லை, அதனால் மனம் ஒப்பவில்லை.

நேற்று ஸ்கிரிப்டை மாற்றினேன். எஃப்சிங்க் உண்டா இல்லையா என்பது இப்போது ஹோஸ்டில் பதிவாகிறது, அளவோடு ஹேஷும் பார்க்கிறது, பொருந்தாவிட்டால் எம்கேஎஃப்எஸ் பக்கமே போகாமல் நின்றுவிடும். கீழே டிஎம்-லாக்-ரைட்ஸும் போட்டாயிற்று. காலையில் பார்த்தபோது 412-ஆவது சுற்று ஓடிக்கொண்டிருந்தது.