ஷோனஃபெல்ட் வழியாக வந்தவர்கள்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

எண்பதுகளில் கொழும்பிலிருந்து மொஸ்கோ, அங்கிருந்து கிழக்கு பேர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையம் என்று சோவியத் விமானமான ஏரோஃபுளொட்டில் ஏறி வந்தவர்கள் இன்னும் நிறையப் பேர் நம்மிடையே இருக்கிறார்கள். ஊரில் நடந்ததை எல்லோரும் எழுதுகிறோம், வந்த பிறகு ஹைமில், அதாவது அகதி விடுதியில், பட்ட பாட்டையும் எழுதுகிறோம். ஆனால் அந்த வழி ஏன் திறந்து கிடந்தது, பிறகு யார் அதைப் பூட்டினார்கள் என்று பேசுவதே இல்லை. அமெரிக்காவும் சோவியத் யூனியனும் பீரங்கியோடு முறைத்துக்கொண்டு நின்ற நகரத்தின் நடுவால் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தவர்கள் நாங்கள். பிள்ளைகளுக்கு இது தெரிய வேண்டும். நான் தொடங்கி வைக்கிறேன்.

83 கலவரத்துக்கு அடுத்த வருடக் கடைசியில் வந்தேன். ஏஜென்சி சொன்னது இவ்வளவுதான்: ஷோனஃபெல்டில் இறங்கு, ட்ரான்சிட் விசா தருவார்கள், ரயில் பிடித்து ஃபிரீட்ரிஷ்ஸ்ட்ராச நிலையத்துக்குப் போ, அங்கே பாஸ்போட்டைக் காட்டிவிட்டு மற்றப் பக்கத்து ரயிலில் ஏறு, ஸூ என்ற நிலையத்தில் இறங்கு, பொலிசைக் கண்டால் ‘அசூல்’ (தஞ்சம்) என்று மட்டும் சொல். எனக்கு நம்பிக்கையே வரவில்லை. பேர்லின் சுவர் என்றால் ஆளைச் சுடும் சுவர் என்று ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அதை ரயிலில் தாண்டலாம் என்றால் யார் நம்புவது?

அந்த நிலையத்தில் பாஸ்போட் பார்க்கிற இடம் ஒரு ஒடுக்கமான கூண்டு. ஒரு கதவால் உள்ளே போக வேண்டும், அடுத்த கதவு அவர்கள் பொத்தானை அழுத்தினால்தான் திறக்கும். அதிகாரி உயரத்தில் இருப்பார். எங்கள் முதுகுக்குப் பின்னால் மேலே சாய்வாக ஒரு கண்ணாடி, குனிந்து நின்றாலும் பின்பக்கம் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். என் முகத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார், காதைப் பார்த்தார், முத்திரை குத்தினார். மேலே போனால், ஒரே கூரையின் கீழ் கிழக்கு மேடைக்கும் மேற்கு மேடைக்கும் நடுவில் இரும்புத் தடுப்பு, உயரத்தில் துப்பாக்கியோடு காவலர்கள். ரயில் வெளிக்கிட்டது, ஒரு நீர்நிலையைத் தாண்டியது, சுவரும் வெளிச்சக் கம்பங்களும் கீழே போயின, அடுத்த நிலையம் லேர்ட்டர், அது மேற்கு. இனி இவர்கள் பாஸ்போட் கேட்பார்கள் என்று கையில் பிடித்துக்கொண்டு இருந்தேன். ஒருவரும் வரவில்லை. ஸூ நிலையத்தில் இறங்கிப் படியால் வெளியே வந்து தெருவில் நின்றபோதும் ஒருவரும் கேட்கவில்லை. உலகத்திலேயே இவ்வளவு காவல் போட்ட எல்லையில் ஒரு பக்கம் காவலே இல்லை!

ஏன் என்று எனக்கு விளங்கப்படுத்தியவர் பிறகு நான் இருந்த மேற்கு பேர்லின் நொய்கோல்ன் வீட்டின் கீழ்த்தளத்தில் வசித்த ஒரு ஜேர்மன் அம்மா. 1945இல் நகரத்தை அமெரிக்கா, பிரித்தானியா, பிரான்ஸ், சோவியத் யூனியன் என்று நான்கு பேரும் பங்கு போட்டார்கள். மேற்கத்தைய மூன்று நாடுகளும் கடைசிவரை சொன்னது, முழுப் பேர்லினும் நாலு பேருக்கும் பொது, கிழக்கு பேர்லின் உங்கள் தலைநகரம் இல்லை, நடுவில் இருப்பது நாட்டு எல்லையும் இல்லை என்று. அப்படியிருக்க மேற்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு ஒழுங்காகப் பாஸ்போட் பார்க்கத் தொடங்கினால், ஓம் இது எல்லைதான் என்று தாங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால் மேசை போடவில்லை, எப்போதாவது பொலிஸ் சும்மா ஏறிச் சோதிப்பதோடு சரி. கிழக்குக்கோ இது எங்கள் தலைநகரம், எங்கள் எல்லை என்று காட்ட வேண்டும், வெளிநாட்டுக் காசும் வேண்டும், மேற்குக்கு ஒரு தலையிடி கொடுத்தால் அதுவும் நல்லது. எனவே ட்ரான்சிட் விசா தாராளமாகக் கொடுத்தார்கள். இரண்டு பேருடைய பிடிவாதமும் சேர்ந்து எங்களுக்கு வாசல் ஆனது.

வந்து சேர்ந்தவனை மேற்கு சும்மா திருப்பி அனுப்பவும் முடியாது. அரசியல் காரணத்துக்காகத் துன்புறுத்தப்படுபவருக்குத் தஞ்சம் கேட்கும் உரிமை உண்டு என்று மேற்கு ஜேர்மனி 1949இல் அரசியலமைப்பாக எழுதிய அடிப்படைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு அப்போது சொன்னது. ஹிட்லர் காலத்தில் ஓடியவர்களை நினைத்து எழுதிய வரி அது. அந்த ஒற்றை வரிக்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டவன்.

அந்த அம்மாவைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். 48இல் ஸ்டாலின் மேற்கு பேர்லினுக்கான தரைவழியை அடைத்தபோது அவர் இளம்பெண். டெம்பெல்ஹோஃப் விமான நிலையப் பக்கம் சில நிமிடத்துக்கு ஒரு விமானம் இறங்கும், நிலக்கரி, மா, காய்ந்த உருளைக்கிழங்கு எல்லாம் வானத்தால்தான் வந்தது, ஏறத்தாழ ஒரு வருடம் என்பார். விமானச் சத்தம் கேட்டால் நிம்மதி, நின்றால் பயம் என்று அவர் சொன்னது எனக்கு விசித்திரமாக இருந்தது. எங்களுக்கு ஊரில் ஹெலி சத்தம் கேட்டால் பதுங்க வேண்டும் என்று நான் சொன்னபோது அவர் கனநேரம் பேசவில்லை. அவருடைய தங்கை கிழக்கில் ட்ரெப்டோவில், ஹைடல்பேர்கர் ஸ்ட்ராச அந்தப் பக்கம். நடந்தால் பத்து நிமிடம் இருக்காது. சுவர் வந்த 1961 ஓகஸ்ட் 13க்குப் பிறகு அவர் தங்கையைப் பார்த்தது 63 நத்தாருக்கு, முதன்முதலாக அனுமதிச் சீட்டுக் கொடுத்தபோது. இரண்டு வருடத்துக்கு மேல் ஒரு தெருவைக் கடக்க முடியவில்லை! அமெரிக்கனா ரஷ்யனா சரி என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் முதலில் அந்த அக்கா தங்கையைத்தான் சொல்வேன்.

சுவர் திறந்த 89 நவம்பர் 9 இரவு சொன்னெனலே எல்லைக் கடவையில் நானும் நின்றேன். கிழக்கு ஜேர்மனியின் ட்ராபன்ட் கார்கள் புகையைக் கக்கிக்கொண்டு வரிசையாக வந்தன, முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்தார்கள், என்னையும் பிடித்தார்கள். உண்மையான சந்தோஷம் அது. ஆனால் 91இல் ஹொயெர்ஸ்வெர்டா, 92இல் றொஸ்டொக் என்று வெளிநாட்டவர் இருந்த வீடுகளைத் தாக்கினார்கள், 93இல் அந்த 16ஆம் பிரிவையே மாற்றிச் சுருக்கிவிட்டார்கள். எதிரி எதிரே நின்றவரைக்கும் தஞ்சம் கொடுப்பது மேற்குக்குப் பெருமையாக இருந்தது, எதிரி போன பிறகு அது பாரமாகிவிட்டது என்பதுதான் என் எண்ணம். வேறு மாதிரி நினைப்பவர்கள் எழுதுங்கள்.

*

அண்ணா, உங்களுக்குத் திறந்த வாசல் என் முகத்தில் மூடியது, அதனால் நானும் எழுதுகிறேன்.

85 ஆனி மாதம் எனக்குக் காசு கட்டியாயிற்று. அம்மாவின் தாலிக்கொடி அடகில். ஆடியில் ஏஜென்சி வந்து, இனித் தமிழருக்கு அந்த வழியில்லை, மேற்கு ஜேர்மனி விசா இல்லாதவரைக் கிழக்குக்காரன் ஏற்றமாட்டானாம் என்றார். காசில் பாதிதான் திரும்பி வந்தது. ஒரே நாளில் எப்படி என்று எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கம்யூனிஸ்டுக்காரர் ஏழைகளின் பக்கம் என்று சொல்லி வளர்த்த அப்பா வாயடைத்துப்போய்க் கதிரையில் இருந்தார்.

கனகாலம் கழித்து, ஜேர்மன் வாசிக்கப் பழகிய பிறகு, நூலகத்தில் பழைய பத்திரிகைகளைத் தேடிப் பார்த்தேன். இரண்டு ஜேர்மனிக்கும் நடுவில் வியாபாரக் கணக்கு ஒன்று இருந்தது, கிழக்கு வட்டியில்லாமல் கடன் வைக்கலாம், அதற்கு ஒரு வரம்பு. அந்த வரம்பை 85 கோடியாக உயர்த்தும் ஒப்பந்தம் அதே 1985 ஜூலை. எங்களை நிறுத்தியதும் அதே ஜூலை. மேசைக்கு மேல் சுவர், சுதந்திரம், சோசலிசம் என்று பேசினார்கள், மேசைக்குக் கீழ் எங்களை வைத்துப் பேரம் பேசினார்கள். மற்ற நாட்டுக்காரருக்கு இன்னும் ஒரு வருடம் வழி இருந்தது. 86 செப்டம்பரில் அதுவும் முடிந்தது, ஒக்டோபர் 1 முதல் விசா இல்லாத யாரும் வரமுடியாது என்று மேற்கு ஜேர்மனியின் எதிர்க்கட்சி வேட்பாளர் யொகானஸ் ராவ் அறிவித்தார். அடுத்த ஜனவரியில் அங்கே தேர்தல், அதனால் அறிவிக்கிற பெருமையைக் கிழக்குக்காரர் அவருக்குக் கொடுத்தார்கள். அந்த வருடம் ஓகஸ்டில்தான் கனடாவில் நியூஃபவுண்ட்லாந்துக்குப் பக்கத்தில் உயிர்காப்புப் படகுகளில் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட நம்மவர்களை மீனவர்கள் மீட்டார்கள். அவர்கள் புறப்பட்டது மேற்கு ஜேர்மனியிலிருந்து. வந்து சேர்ந்தவர்களுக்கும் வேலை செய்ய அனுமதியில்லை, மாவட்டத்தை விட்டு வெளியே போக அனுமதியில்லை என்றால் வேறு என்ன செய்வார்கள்.

நான் 88இல் வேறு வழியால் வந்தேன், அதை இங்கே எழுதவில்லை. பிறகு முதியோர் இல்லத்தில் வேலை செய்தபோது என்னோடு இரவு டியூட்டி பார்த்தவள் கிழக்கு பேர்லினில் பிறந்தவள். அவளுடைய அப்பா கிழக்கில் இருந்துகொண்டு மேற்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தவர், அப்படிப் பல்லாயிரம் பேர். 61 ஓகஸ்டில் அந்த ஞாயிற்றுக்கிழமை விடிய முள்ளுக்கம்பி அடித்திருந்தது, திங்கட்கிழமை அப்பாவுக்கு வேலை இல்லை. அம்மம்மாவுக்கு 60 வயது தாண்டியதால் மேற்கே போய் உறவினரைப் பார்த்துவர விட்டார்கள், ஓய்வூதியக்காரர் திரும்பி வராவிட்டாலும் அரசுக்கு நட்டமில்லையே. அம்மம்மா கோப்பித்தூள் கொண்டுவரும் நாளைத்தான் வீட்டில் பெருநாளாகக் கொண்டாடுவார்களாம். நம் ஆட்கள் வந்த கதையை நான் சொன்னதும் அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. “இலங்கையில் பிறந்தவன் என் வீட்டு வாசலால் ரயிலில் போகலாம், அங்கேயே பிறந்த நான் கிழவியாகும்வரை பொறுக்க வேண்டுமா?” என்றாள். அவள் கோபம் எங்கள் மேல் இல்லை என்று எனக்குத் தெரியும். விடியும்வரை பேசினோம், அவளும் நானும் ஒரே பூட்டின் இரண்டு பக்கம் நின்றவர்கள்.

*

நான் தமிழ்நாடு. எண்பதுகளில் மாஸ்கோவில் லுமும்பா பல்கலைக்கழகத்தில் இன்ஜினியரிங் படித்தேன். இந்த இழையைப் படித்ததும் சும்மா போக முடியவில்லை.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் என்னை இன்ஜினியரிங் படிக்க வைக்க வசதி கிடையாது. சோவியத் அரசு கட்டணம் வாங்காமல் சொல்லிக்கொடுத்தது, விடுதி கொடுத்தது, மாதாமாதம் உதவித்தொகையும் கொடுத்தது. ஆப்பிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்கா என்று மிக்லுகோ மக்லாய் தெரு விடுதியில் இல்லாத நாடு இல்லை. அமெரிக்காவோடு போட்டி போட்டுக்கொண்டு எங்களைப் படிக்கவைத்தார்கள் என்பது தெரியும், இருந்தாலும் அந்த நன்றி எனக்குக் குறையவே குறையாது.

விடுமுறையில் மாணவர்கள் பலர் ரயில் ஏறி மேற்கு பெர்லின் போவோம். ப்ரெஸ்ட் எல்லையில் பெட்டிகளை அப்படியே தூக்கிச் சக்கரங்களை மாற்றுவார்கள், ரஷ்யத் தண்டவாளம் அகலம் அதிகம், நாங்கள் உள்ளேயே உட்கார்ந்திருப்போம். அப்புறம் வார்சா, அப்புறம் கிழக்கு பெர்லின், நீங்கள் சொன்ன அதே நிலையம், அதே கூண்டு. ஸூ ஸ்டேஷன் பக்கத்துக் கடைகளில் டேப் ரெக்கார்டர், ஜீன்ஸ், மடக்குக் குடை வாங்கிக்கொண்டு மாஸ்கோ வந்து விற்றால் அந்த வருடச் செலவுக்குக் கவலையில்லை. ராக்கெட் விடுகிற நாட்டில் ஒரு நல்ல குடைக்கு அவ்வளவு கிராக்கி இருந்தது. அந்த அரசு நிலைக்காது என்று எனக்கு முதலில் தோன்றியது அந்தக் குடைகளை விற்கும்போதுதான்.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. 85 தொடக்கம், ஊருக்குப் போக மாஸ்கோவின் ஷெரமெத்யேவோ விமான நிலையத்தில் காத்திருந்தேன். கூரை முழுக்கச் செம்பு நிறத்தில் வட்டவட்டக் குழாய்கள், வெளிச்சம் குறைவு. கீழே தரையில் இருபது வயதுக்குள் இருக்கும் பையன்கள், மெல்லிய சட்டை, சிலர் காலில் செருப்பு, வெளியே கடும்பனி. தமிழ் காதில் விழுந்ததும் போய்ப் பேசினேன். ரஷ்ய மொழி தெரியும் என்றதும் சுற்றிக்கொண்டார்கள். பெர்லின் விமானம் எப்போது, கேட் எங்கே, தண்ணீர் எங்கே என்று எல்லாம் கேட்டுச் சொன்னேன். ஒரு பையன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அண்ணை, இங்கேயே இருக்கப்போகிறேன் என்று சொன்னால் விடுவார்களா?” என்று கேட்டான். அகதிகளுக்கான 1951 ஒப்பந்தத்தில் சோவியத் யூனியன் கையெழுத்தே போடவில்லை. அந்த விவரம் எனக்கு அப்போது தெரியாது, ஆனால் விடமாட்டார்கள் என்பது தெரியும். உலகத்துப் பாட்டாளிகளைப் பற்றித் தினம் வகுப்பில் கேட்டுவிட்டு அந்தப் பையனிடம் “முடியாது தம்பி” என்று சொல்வது மிகக் கஷ்டமாக இருந்தது. விமானத்துக்கு அழைக்கும்வரை அவர்களோடே இருந்தேன்.

*

தம்பி, உங்கள் பதிவை வீட்டில் சத்தமாக வாசித்தேன். நான் வந்தபோதும் அதே கூரைக்குக் கீழேதான் கிடந்தோம், நான் ஒரு மாதம் இரண்டு மாதம் முந்தி. அந்தப் பையன்களின் ஊர் ஏதாவது ஞாபகம் இருந்தால் எழுதுங்கள், உடுப்பிட்டி, பருத்தித்துறைப் பக்கத்துப் பெடியள் அந்த நாட்களில் நிறைய வந்தார்கள், தேடிப் பார்க்கலாம்.

தங்கச்சி, நீங்கள் எழுதிய ஜூலை விஷயம் சரி. அந்தப் பத்திரிகைப் பக்கங்களின் படம் இருந்தால் போடுங்கள். அந்தக் கூண்டுகள் இருந்த கட்டடம் 2011இலிருந்து அருங்காட்சியகம், காசு வாங்குவதில்லை, ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அடுத்த லீவில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவதற்கு முதல் இங்கே எழுதியதையெல்லாம் ஒன்றாக அச்செடுக்க வேண்டும். பழைய பாஸ்போட்டில் ஷோனஃபெல்ட் முத்திரை வைத்திருப்பவர்கள் பெயரை மறைத்துவிட்டுப் படம் அனுப்புங்கள், அதையும் சேர்க்கிறேன்.